பத்துக் கிலோ கல்லுப்பு

எங்கள் வீட்டுப் பழைய கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய், பாலைக் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருந்து, காபியோடு திரும்பி வந்தாலும் அது விழித்திருக்காது. 2010-இல் வாங்கியது என்பதால் அதன் மீது குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவு எடுத்த மகள், சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்றை அதில் ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம் போராடியதைக் கண்ட பிறகு, என் மனைவி வீட்டுக் கணக்கு நோட்டைத் திறந்து, முப்பதாயிரம் ரூபாய் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகளும் போட்டாள். அந்த இரண்டு கோடுகளுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். இது 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு நடந்தது.

கடையில் பெட்டியாக வாங்கினால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது சுமாராகத்தான் இருக்கும், பாகங்களை நானே தேர்ந்தெடுத்து நானே பூட்டிவிடுகிறேன் என்று அறிவித்தேன். நான் ஒரு கம்பெனியில் கணக்கர். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத எண்களை ஒத்துப்போக வைப்பதே என் பிழைப்பு என்பதால் இது எளிது என்று நம்பிவிட்டேன். அடுத்த மூன்று வாரங்கள், கணினியின் மூளையான பிராசசர்களின் பெயருக்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்துகளை ஆராய்வதிலேயே கழிந்தன. இன்டெல் ஐ3 12100 என்பதற்குப் பின்னால் ஓர் ‘எஃப்’ சேர்ந்தால் விலை குறைகிறது. கூடவே, திரையில் படம் காட்டும் பகுதியும் இல்லாமல் போகிறது. அதைச் சிக்கனம் என்று வாங்கினால் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். அதுவோ பிராசசரின் விலையையே கேட்கும். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் போனால் நிலைமை தலைகீழ்: ரைசன் 5 5600 என்பதில் படம் காட்டும் பகுதி கிடையாது, பின்னால் ‘ஜி’ ஒட்டிக்கொண்டால் உண்டு. ஓரெழுத்து வந்தால் ஒருவனிடம் இழப்பு, வேறோர் எழுத்து வந்தால் இன்னொருவனிடம் லாபம் என்பதை என் மனைவிக்கு விளக்கியபோது, “புணர்ச்சி விதியே இதைவிடத் தெளிவா இருந்துச்சு” என்றாள்.

கடைசியில் ஆறு கோர் கொண்ட 5600ஜி என்று முடிவானது. மானிட்டர் பழையதுதான், அதில் நீல நிற விஜிஏ செருகியைத் தவிர வேறு வழியில்லை. எனவே, பாகங்கள் எல்லாவற்றையும் இணைக்கும் பலகையான மதர்போர்டைத் தேர்ந்தெடுத்த காரணம் அதன் வேகமோ தரமோ அல்ல, பின்பக்கத்தில் அந்தப் பழைய நீலத் துளை இருக்கிறதா என்பதுதான். ஏ520 சிப்செட் கொண்ட போர்டு ஒன்றில் அது இருந்தது. நினைவகத்துக்கு 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்குவதைவிட எட்டெட்டாக இரண்டு வாங்குவது நல்லது என்பதையும் கற்றேன். ஏனெனில் இந்தப் பிராசசர் படம் காட்டுவதற்கான நினைவகத்தையும் அதிலிருந்தே கடன் வாங்கிக்கொள்கிறது, இரண்டு குச்சிகள் இருந்தால் இரண்டு பாதைகளில் தரவு ஓடும், ஒன்றே இருந்தால் எல்லாம் ஒரே பாதையில் முண்டியடிக்கும். கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி விஷயத்தில் குழப்பம் ஏதுமில்லை. 500 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை என்று ஒரே வரியில் முடித்தேன்.

இந்த இடத்தில் என் மாமனாரை அறிமுகப்படுத்த வேண்டும். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; மதுராந்தகத்தில் இருக்கிறார். உலகில் உள்ள எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்பதுதான். பிராசசர் 65 வாட் என்றேன். “நம்ம பழைய குண்டு பல்பு அளவுதானே மாப்பிள்ளை, அதுக்கு எதுக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ்?” என்றார். வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். சுமை ஏறும்போது இழுக்கும் மின்சாரம், பின்னாளில் சேர்க்கக்கூடிய கிராபிக்ஸ் கார்டு, பாதிச் சுமையில்தான் எஸ்எம்பிஎஸ் நன்றாக உழைக்கும் என்பது ஆகியவற்றை விளக்கினேன். கேபினட்டோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தொட்டுவிடாதீர்கள், கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதாக வாங்குங்கள் என்று அவர் சொன்னதை, நானும் படித்தே அறிந்திருந்தாலும், புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொண்டேன். தொலைபேசியை வைக்கும் முன், எப்போதும்போல், “எர்த்துக் குழாய்க்குத் தண்ணி ஊத்தினீங்களா?” என்று கேட்டார். வாசலில் மண்ணுக்குள் இறக்கிய அந்தக் குழாயைச் சுற்றி ஈரம் காயக் கூடாது என்பது அவர் கட்டளை. “ஊத்தியாச்சு மாமா” என்று நானும் எப்போதும்போல் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை ஆலந்தூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். அந்தத் தெருவில் நடப்பதற்குத் தனித்திறமை வேண்டும். ஒரு தோளால் மானிட்டர் பெட்டி சுமப்பவருக்கு வழிவிட்டு, மறு தோளால் “சார், என்ன சார் வேணும்” என்னும் பையனைத் தவிர்த்து, நின்றுகொண்டிருக்கும் ஸ்கூட்டர்களைக் கால்களால் தாண்ட வேண்டும். கடைக்காரர் என் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, “ஆர்ஜிபி லைட்டே இல்லையே சார்?” என்று, சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லும் குரலில் வருத்தப்பட்டார். வண்ண விளக்கு வேண்டாம், ரசீதும் வாரண்டியும் போதும் என்றேன். பிராசசர் 11,200, போர்டு 5,600, நினைவகம் 3,400, எஸ்எஸ்டி 2,700, எஸ்எம்பிஎஸ் 3,100, கேபினட் 2,400, கீபோர்டும் மவுசும் 900. கூட்டினால் 29,300. இரண்டு கோடுகளுக்கு மேலே எழுநூறு ரூபாய் மிச்சம் வைத்த பெருமிதத்தில் ஒரு ரவா தோசை சாப்பிட்டேன்.

பூட்டுவதில் பெரிய விபத்து ஒன்றுமில்லை. பிராசசரோடு வந்த காற்றாடியைப் பொருத்த, போர்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது, கழற்றினேன். அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த தகடு மறுபக்கத்தில் ‘டங்’ என்று விழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மகள் தவழ்ந்து எடுத்து வந்தாள். கேபினட்டில் போர்டைத் திருகி முடித்த பிறகுதான், பின்பக்கத்துத் தகரச் சட்டத்தை முதலில் மாட்டியிருக்க வேண்டும் என்பது தெரிந்து எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றினேன். அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன், திரை ஒளிர்ந்தது. காபி போடப் போவதற்குள் எல்லாம் வந்துவிட்டது என்று மனைவியே ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை மகள் பென் டிரைவைச் செருகப் போய், “ஐயோ!” என்று கையை உதறினாள். நான் தொட்டேன். சுருக்கென்று எறும்பு கடித்தது போல் இருந்தது. கேபினட்டின் திருகு, தகடு, பின்பக்கம் என்று வெற்றுலோகத்தை எங்கே தொட்டாலும் கடித்தது. போர்டு உடலில் உரசுகிறதோ என்று மறுபடியும் பிரித்துப் பூட்டினேன், கடித்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் குற்றம்தான் என்று தீர்மானித்து, முழுக் கேபினட்டையும் பயணப் பையில் வைத்து மெட்ரோவில் ஏற்றினேன். சோதனை இயந்திரத்தின் திரையை அந்தக் காவலர் உற்றுப் பார்த்த நேரம், என் வாழ்வின் நீண்ட நேரங்களில் ஒன்று. கடையில் மின்னிணைப்புக் கொடுத்து, கடைக்காரர் ஐந்து விரல்களாலும் தொட்டார், பிறகு இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து செருகினேன், கடித்தது. தொலைபேசியில் அவர் சொன்ன ஆலோசனை, “செருப்பு போட்டுக்கிட்டு யூஸ் பண்ணுங்க சார்.” வீட்டுக்குள் செருப்பா என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

தீபாவளிக்கு வந்த மாமனார் பையை இறக்கி வைக்கும் முன்பே சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கேபினட்டில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. பிறகு ஒரு பல்பில் இரண்டு ஒயர்களை இணைத்து, சுவரில் உள்ள பிளக்கில் மின்சாரம் வரும் துளையில் ஒன்றையும் மேலே உள்ள பெரிய எர்த்துத் துளையில் மற்றொன்றையும் வைத்தார். பல்பு எரியவில்லை. “எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு. எர்த்துதான் இல்ல” என்றார். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் இரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். கசியும் துளி மின்சாரத்தை எர்த்து மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். எர்த்து இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி உடலிலேயே நின்றுகொள்ளும் என்று அவர் விளக்கியபோது, வாஷிங் மெஷின் குறுகுறுக்கிறது என்று என் மனைவி ஒரு வருடமாகச் சொல்லி வந்ததும், அது பனிக்கால வறட்சி என்று நான், சென்னைப் புழுக்கத்தில், நங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு, பதில் சொன்னதும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

“வாங்க, குழாயைப் பார்ப்போம்” என்று மாமனார் வாசலுக்கு நடந்தார். அங்கே குழாய் இல்லை. 2011-இல் அவரே பக்கத்தில் நின்று எட்டடிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி அமைத்த இடத்தில் அழகான சாம்பல் நிற டைல்ஸ் மின்னியது. 2021-இல் டைல்ஸ் போட்ட மேஸ்திரி, நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி என்ன செய்வது என்று கேட்டதும், ஸ்கூட்டர் நிறுத்த இடைஞ்சலாக இருக்கிறது, அறுத்துவிடுங்கள் என்றதும் நானேதான். அதன் பிறகு இரண்டு கோடைகள் அந்தக் குழாய்க்குத் தொலைபேசியிலேயே தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறேன். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. டைல்ஸைக் குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், உள்ளே போய்த் தன் மகளிடம் காபி கேட்டார்.

டைல்ஸை உடைக்க, குழி தோண்ட, குழாய் வாங்க, எலக்ட்ரீஷியன் கூலி என்று 6,500 ரூபாய் ஆயிற்று. இரண்டு கோடுகளுக்குக் கீழே மனைவி சிவப்பு மையில் எழுதினாள். கரியை இஸ்திரிக் கடையில் சொல்லி வைத்து வாங்கினோம். மளிகைக் கடையில் பத்துக் கிலோ கல்லுப்பு கேட்டபோது, “ஊறுகாயா சார்?” என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டருக்கு என்றேன். அவர் சற்று யோசித்து, “கல்லுப்பே போதுமா, தூள் உப்பு வேணாமா?” என்று கேட்டார்.

கணினி இப்போது கடிப்பதில்லை. வாஷிங் மெஷினும் குறுகுறுப்பதில்லை. ஆனால் மாமனார் “ஊத்தியாச்சு மாமா” என்ற சொல்லை ஏற்பதில்லை. ஞாயிறுதோறும் வாளியோடு நான் குழாயருகே நிற்கும் படத்தை, தண்ணீர் விழுவது தெரியும்படி, மகள் அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும்.