புதுச்சேரியின் இரண்டு விளக்குகள்

பெருங்கப்பல்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஏற்ற இயற்கைத் துறைமுகம் புதுச்சேரிக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சோழமண்டலக் கரையின் பழைய கலங்கரை விளக்கங்களைப் பற்றி நான் எழுதிவரும் நூலுக்காகச் சென்ற மாதம் அங்கே சென்றபோது, முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது இதைத்தான். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கப்பல்கள் கரையிலிருந்து வெகுவாகத் தள்ளி, ஆழமுள்ள இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. அலை உடையும் பகுதியைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்து சேர்த்தவை சலங்குகள் எனப்பட்ட படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை என்பதால், அலை தூக்கி மணலில் அடிக்கும்போது அவை நெகிழ்ந்து கொடுத்தன. ஆணி அறைந்த படகு அதே அடியில் பிளந்துபோகும். ஆகவே மற்ற ஊர்களின் விளக்குகள் கப்பலுக்குத் துறைமுக வாயிலைக் காட்டியபோது, இந்த ஊர் விளக்கு கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டியது.

அந்த விளக்கு 1836 ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று முதன்முதலாக ஏற்றப்பட்டது. வண்டி நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்குப் போனால் அதை நிதானமாகப் பார்க்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களைப் படம் பிடிப்பவர்களில் பலர், எதிரே சற்றுத் தள்ளி நிற்கும் இந்த வெள்ளைக் கோபுரத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. உயரம் சுமார் 29 மீட்டர். அதற்கு முன்பு ஊரின் மேட்டுப் பகுதியான செம்மண் குன்றின் மேல் தீ வளர்த்துக் கப்பல்களுக்கு அடையாளம் காட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. உயரத்தில் தீ மூட்டிக் கலங்களை அழைப்பது இக்கரைக்குப் புதிதும் அன்று. ஏணி சார்த்தியும் ஏறுவதற்கு அரிய உச்சியில், கூரை வேயாத மாடத்தில் இரவில் ஏற்றிய தீயைப் பெரும்பாணாற்றுப்படை பாடியிருக்கிறது.

கோபுரத்தின் அருகே நின்று கடலைப் பார்த்தபோது, பழைய இரும்புப் பாலத்தையும் சேர்த்து எண்ணாமல் இந்த விளக்கைப் பற்றி எழுத முடியாது என்று தோன்றியது. சலங்குகளின் சிரமத்தைக் குறைப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட அந்தப் பாலம், 1952 ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. விளக்கு, பாலம், சுங்க அலுவலகம் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்ற காலத்தில் இவ்விடம் ஒரு வேலைத்தலம். இன்று காற்று வாங்கும் இடம். விளக்கைப் பற்றி மட்டும் பலகை வைத்துப் பயனில்லை, பாலத்தைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும் என்பது என் கருத்து.

புதிய விளக்கு 1979 ஆம் ஆண்டு தெற்கே வம்பாக்கீரப்பாளையம் பக்கம் வந்ததும் பழையது ஓய்வு பெற்றது. புதியதன் உயரம் 48 மீட்டர். உயரம் கூடுவதால் என்ன பயன் என்பதற்குப் பூமியின் வளைவே விடை. எவ்வளவு பிரகாசமான ஒளியானாலும் தொடுவானத்துக்கு அப்பால் கடல் மட்டத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது எட்டாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 29 மீட்டர் உயரத்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 48 மீட்டருக்கு 26 கிலோமீட்டர். பார்ப்பவர் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் அதற்கேற்ப இன்னும் கூடும். இந்தச் சில கிலோமீட்டருக்காகத்தான் ஒரு நகரம் தன் விளக்கையே இடம் மாற்றி உயர்த்திக் கட்டுகிறது.

புதிய விளக்கின் அருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், இப்போது யார் இந்த வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "ஜிபிஎஸ் பொட்டி எல்லார்கிட்டயும் இருக்கு சார். ஆனா பேட்டரி போயிட்டா வெளக்குதான்" என்றார். பிறகு நைலான் இழையைப் பல்லில் கடித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு கை விளக்குக் கோபுரம், மறு கை ஊருக்குள் தெரியும் இன்னொரு உயரமான கட்டடம் என்று வைத்து, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வரும்போது தம் படகு எங்கே இருக்கும் என்பதைக் காட்டினார். விளக்கு எரியாத பகலிலும் அந்தக் கோபுரத்துக்கு வேலை இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருந்தது. சென்னைக் கோட்டையில் 1796 இலேயே தேங்காய் எண்ணெய் விளக்குகள் கப்பல்களுக்காக எரியத் தொடங்கிவிட்டன; புதுச்சேரிக்கு ஏன் மேலும் நாற்பது ஆண்டுகள்? பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 இல், அதாவது விளக்கு ஏற்றப்பட்டதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. கப்பல் வந்த செய்தியும் பீரங்கி முழங்கிய செய்தியும் அதில் இடைவிடாமல் வருகின்றன. கப்பலை எதிர்நோக்கியே வாழ்ந்த ஊர் இது. விடையின் ஒரு பகுதியாவது கடலூரில் கிடைக்கும் என்று நினைத்துப் பேருந்து ஏறினேன்.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690 இல் வாங்கிய புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 இல் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். அதே ஆண்டிலும், பின்னர் 1783 இலும் இந்தக் கடலில் இரு நாட்டுக் கப்பற்படைகளும் மோதின. புதுச்சேரியோ 1761, 1778, 1793 என்று திரும்பத் திரும்ப ஆங்கிலேயர் கைக்குப் போய், 1816 இல்தான் நிலையாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. நாளை யார் கையில் இருக்கும் என்று தெரியாத கரையில் விளக்குக் கோபுரம் கட்ட எவரும் பணம் போடமாட்டார்கள் என்பது என் ஊகம். பழைய நகரத் துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உப்பனாற்றங்கரையில் உட்கார்ந்து இயல்களின் வரிசையை மாற்றி எழுதினேன். புதுச்சேரி இயல் இனி 1836 இல் தொடங்காது; கடலூர்க் கடலில், 1758 இல் தொடங்கும்.