சந்தையிலிருந்து அரியணைக்கு

அடிமைகளாக வாங்கப்பட்டு, பின்னாளில் எகிப்தையே ஆண்ட மம்லூக்குப் போர்வீரர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்கள்தான் முதலில் கண்ணில் வந்து நிற்கிறார்கள். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளிகளில் வளர்ந்து, மங்கோலியப் படையெடுப்பில் குடும்பம் சிதறி, அடிமைச் சந்தைக்கு வந்த கிப்சாக் துருக்கியர்கள். அப்போது எகிப்தை ஆண்ட அய்யூபிய வம்சத்து சுல்தான் அஸ்-ஸாலிஹ் அவர்களைக் கூட்டம் கூட்டமாக வாங்கி, நைல் நதியின் ரவ்தா தீவில் பாசறை அமைத்துப் போர்வீரர்களாக்கினார். சொந்தபந்தம் இல்லாதவன் எஜமானுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பான் என்பது கணக்கு. சரி, எஜமான் செத்துப்போனால்? 1249-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே, பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப்படையை முறியடித்த கையோடு, தங்களை ஓரங்கட்டப் பார்த்த அஸ்-ஸாலிஹின் மகன் தூரான்ஷாவையும் தீர்த்துக்கட்டிவிட்டார்கள்.

அந்தக் கொலையில் பங்கிருந்த பைபர்ஸ், ஒரு கண்ணில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் வாங்கியவராலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். குறையுள்ள சரக்கு என்று ஒதுக்கப்பட்ட அவர்தான் 1260-இல் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரை எதிர்த்த முன்னணிப் படையை நடத்தி, அதே ஆண்டில் சுல்தானும் ஆனார்.

ஆனால் இதை அடிமைகளின் விடுதலைக் கதையாகச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆட்சிக்கு வந்தவர்கள் அந்தச் சந்தையை மூடவில்லை. 1517-இல் உஸ்மானியத் துருக்கியர் வந்து ஆட்சியைப் பறிக்கும்வரை, தங்களைப் போன்ற பையன்களை அவர்களே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.