மடிக்கணினியும் கைபேசியும் ஒரே ஊரில்: மைன்கிராஃப்ட் சர்வர் அமைத்த அனுபவம்

போன கோடை விடுமுறைக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோது, என் மகள் மடிக்கணினியில் ஓராண்டாகக் கட்டிவரும் மைன்கிராஃப்ட் ஊரை அக்கா மகனுக்குச் சுற்றிக் காட்டினாள். அவனும் அதே விளையாட்டைக் கைபேசியில் விளையாடுகிறவன். ஊர் திரும்பிய மறுநாளே அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, நானும் அதே கேம்தானே வச்சிருக்கேன்? அவ ஊருக்குள்ள ஏன் என்னால வர முடியல?" நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப் போய், கடைசியில் அவள் ஊரை இணையத்தில் நடத்தும் சர்வரையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையில் நான் கற்றவற்றையும், இரண்டு மாலைப் பொழுதுகளை விழுங்கிய ஒரு தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் மைன்கிராஃப்ட் இரண்டு தனித்தனி மென்பொருள்கள். கணினிக்கான ஜாவா பதிப்பு 2009இல் பொதுமக்கள் கைக்கு வந்து, 2011 நவம்பரில் முழுமையான வெளியீடாயிற்று. கைபேசிக்காக 2011இல் தொடங்கிய பாக்கெட் பதிப்பு வேறு வழியில் வளர்ந்து, 2017 செப்டம்பரில் கைபேசி, விண்டோஸ் 10, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றை ஒன்றாக இணைத்தபோது பெட்ராக் என்ற பெயரில் நிலைத்தது. பெட்ராக் கருவிகள் தங்களுக்குள் இயல்பாகவே சேர்ந்து விளையாடும். ஜாவாவுக்கும் பெட்ராக்குக்கும் இடையில்தான் சுவர் இருக்கிறது. ஜாவா பதிப்பு சர்வருடன் டிசிபி என்ற இணைய நெறிமுறை வழியாக, வழக்கமாக 25565 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்) பேசுகிறது. பெட்ராக்கோ யுடிபி என்ற மற்றொரு நெறிமுறையின் மேல் அமைந்த ராக்நெட் என்ற முறையில் 19132 என்ற போர்ட்டில் பேசுகிறது. பாதையும் வேறு, மொழியும் வேறு. ஒரே உலகைப் பற்றித்தான் இரண்டும் பேசுகின்றன என்றாலும், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது.

எல்லோரும் பெட்ராக்குக்கு மாறிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 2022 ஜூன் முதல் கணினிக்கு வாங்குபவர்களுக்கு இரண்டு பதிப்புகளும் ஒரே தொகுப்பாகவே கிடைக்கின்றன; பெட்ராக்குக்கென அதிகாரபூர்வ சர்வர் மென்பொருளும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் என் மகளின் ஊர் பேப்பர் என்ற ஜாவா சர்வரில், அவள் தேர்ந்தெடுத்த ப்ளகின்களோடு (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களோடு) ஓராண்டாக வளர்ந்திருந்தது. அக்கா மகன் வருவதற்காக மகளின் ஊரை இடித்துக் கட்டச் சொல்வது முறையல்ல என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் கெய்சர் உதவிக்கு வருகிறது. இது ஒரு மொழிபெயர்ப்பாளர். கைபேசி அனுப்பும் பெட்ராக் செய்திகளைப் பெற்று, ஜாவா மொழிக்கு மாற்றிச் சர்வரிடம் கொடுக்கும். சர்வரின் பதிலைத் திரும்பப் பெட்ராக்காக மாற்றிக் கைபேசிக்கு அனுப்பும். சர்வரைப் பொறுத்தவரை வந்திருப்பவர் ஒரு சாதாரண ஜாவா ஆட்டக்காரர். பேப்பர், ஃபேப்ரிக், வெலாசிட்டி எனப் பல தளங்களுக்கு இது ப்ளகினாகவோ மோடாகவோ கிடைக்கிறது; தனி நிரலாகவும் ஓடும். என்னுடையது ஒற்றைச் சர்வர் என்பதால், ப்ளகின் கோப்பை அதற்குரிய கோப்புறையில் போட்டுச் சர்வரை மறுபடி தொடங்கியதோடு நிறுவும் வேலை முடிந்தது. உடனே அமைப்புக் கோப்பு ஒன்று உருவானது. பெட்ராக் ஆட்டக்காரர்களுக்கான போர்ட் அதில் 19132 என்று இருந்தது. நான் அதை மாற்றவில்லை. ஜாவா பதிப்புக்கு டொமைன் பெயரில் (சர்வரின் இணையப் பெயரில்) போர்ட்டைச் சுட்டும் எஸ்ஆர்வி பதிவு ஒன்றைச் சேர்த்துப் போர்ட் எண்ணை மறைத்துவிடலாம். பெட்ராக் அந்தப் பதிவைப் பார்ப்பதே இல்லை. எண்ணை மாற்றினால் கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நிறுவிவிட்டேன், சர்வரின் கன்சோல் திரையில் பிழை எதுவும் இல்லை, கெய்சர் 19132இல் காத்திருக்கிறது என்ற வரியும் வந்துவிட்டது. அக்கா மகனிடம் முகவரியைக் கொடுத்தேன். உலகத்துடன் இணைய முடியவில்லை என்ற செய்திதான் அவனுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அன்று மாலையும் மறுநாள் மாலையும் இதிலேயே போயின.

என் சர்வர் ஒரு வாடகைக் கணினியில் ஓடுகிறது. அத்தகைய கணினிகளில் பெரும்பாலும் ஃபயர்வால் என்ற இணைப்புத் தடுப்பு இரண்டு இடங்களில் இருக்கும்: வாடகைக்குத் தருபவரின் இணையப் பலகையில் ஒன்று, கணினியின் உள்ளே இயங்குதளத்தில் ஒன்று. இரண்டிலும் 19132ஐத் திறந்திருந்தேன். ஐயம் தீர, போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் இணையதளம் ஒன்றில் சோதித்தபோது மூடியிருப்பதாகச் சொன்னது. அதை நம்பி உள்ளே இருந்த ஃபயர்வாலையே கிளறிக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனைத் தளங்களில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே பார்க்கின்றன. யுடிபி போர்ட் சரியாகத் திறந்திருந்தாலும் அவை மூடியிருப்பதாகவே சொல்லும். ஆகவே அந்தப் பதிலால் எனக்கு ஒரு பயனும் இல்லை. இதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன்.

உண்மையான விடையை, கணினிக்கு வரும் இணையத் தரவைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவி தந்தது. பெயரில் டிசிபி இருந்தாலும் யுடிபியையும் இது காட்டும். சர்வரில் இதை ஓடவிட்டு, 19132க்கு வரும் பொட்டலங்களை (தரவுத் துண்டுகளை) மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, அக்கா மகனை மறுபடி இணையச் சொன்னேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. இந்தக் கருவி, கணினியின் உள் ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே வரும் பொட்டலங்களைப் பார்த்துவிடும். இங்கே பொட்டலம் தெரிந்தும் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் உள் ஃபயர்வாலையோ கெய்சரையோ சந்தேகிக்கலாம். பொட்டலமே தெரியவில்லை என்றால் தடை கணினிக்கு வெளியே இருக்கிறது. இணையப் பலகைக்குப் போய்ப் பார்த்தேன். நான் சேர்த்திருந்த விதியில் எண் சரியாக இருந்தது; நெறிமுறை என்ற கட்டத்தில் மட்டும், பலகை இயல்பாகவே நிரப்பித் தந்த டிசிபி அப்படியே இருந்தது. அதை யுடிபி என்று மாற்றிய மறு நிமிடம் அவன் உள்ளே வந்தான். கெய்சரிலேயே வெளியிலிருந்து இணைப்பைச் சோதித்துச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. முதல் நாளே அதைப் பயன்படுத்தியிருந்தால் இணையதளத்தின் பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன்.

ஒரே ஒரு போர்ட் மட்டும் தரும் சர்வர் வாடகைத் திட்டங்களும் இருக்கின்றன. அப்போது ஜாவாவுக்கும் பெட்ராக்குக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடலாம்; ஒன்று டிசிபி, மற்றொன்று யுடிபி என்பதால் மோதல் வராது. ஆனால் சர்வரின் அமைப்புக் கோப்பில் சர்வரின் நிலையை வெளியே இருந்து கேட்டறிய உதவும் க்வெரி என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் அதுவும் யுடிபியில் அதே எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதை அணைக்க வேண்டும், அல்லது வேறு எண்ணுக்கு நகர்த்த வேண்டும்.

வீட்டுக் கணினியிலேயே சர்வர் நடத்த விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. ரௌட்டரின் பக்கத்தில் வெளி ஐபி முகவரி என்று காட்டப்படுவதையும், இணையத்தில் தெரியும் உங்கள் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரௌட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் ஏற்பாட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். நம் ஊர் வீட்டு இணைப்புகளிலும் கைபேசி இணைப்புகளிலும் இது மிகவும் சாதாரணம். அந்த நிலையில் ரௌட்டரில் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் வெளியாட்கள் வந்து சேர மாட்டார்கள். தனிப் பொது முகவரியைக் கேட்டு வாங்கலாம், சிறிய வாடகைக் கணினிக்குப் போகலாம், அல்லது ப்ளேஇட் போன்ற சுரங்கப்பாதைச் சேவையைப் பயன்படுத்தலாம். சுரங்கப்பாதையைத் தேர்ந்தெடுத்தால் அது யுடிபியையும் கடத்துகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த நினைப்பது அடுத்ததைத்தான். இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் ஜாவா சர்வர், வருகிறவரிடம் ஜாவா பதிப்பை வாங்கிய கணக்கு இருக்கிறதா என்று கேட்கும். கைபேசியில் மட்டும் வாங்கிய பிள்ளையிடம் அது இருக்காது. இந்த இடத்தில் பலரும் எடுக்கும் குறுக்குவழி, சர்வரின் ஆன்லைன்மோட் என்ற அமைப்பை அணைத்துவிடுவது. அணைத்தால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். அதே நேரத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் சொல்லிக்கொண்டு வரலாம். சர்வரை நிர்வகிப்பவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து ஊரையே அழித்துவிட்டும் போகலாம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அதற்குச் சரியான வழி ஃப்ளட்கேட் என்ற துணை ப்ளகின். அந்தச் சொல்லுக்கு நம் ஏரிகளின் மதகு என்று பொருள், பொருத்தமான பெயர். ஆன்லைன்மோட் இயக்கத்திலேயே இருக்கும். ஜாவா ஆட்டக்காரர்கள் வழக்கம்போலச் சரிபார்க்கப்படுவார்கள். பெட்ராக் ஆட்டக்காரர்கள் தங்கள் எக்ஸ்பாக்ஸ் கணக்கின் வழியாகச் சரிபார்க்கப்பட்டு, ஜாவா கணக்கு இல்லாமலே அனுமதிக்கப்படுவார்கள். கெய்சரின் அமைப்பில் அடையாளச் சரிபார்ப்பு முறை ஃப்ளட்கேட் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ளட்கேட் உருவாக்கும் சாவிக் கோப்பு ஒன்று அதன் கோப்புறையில் இருக்கும். வெலாசிட்டி போன்ற இடைநிலைச் சர்வர் வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் சர்வர்களுக்கிடையே நகலெடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கோப்பை வேறு யாருக்கும் அனுப்பக்கூடாது, உதவி கேட்கும்போது படமாகக்கூடக் காட்டக்கூடாது. அது கையில் கிடைத்தவர் வேறொருவராக நடிக்க முடியும்.

ஃப்ளட்கேட் வழியாக வருகிறவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி சேரும். ஒரே பெயரில் ஒரு ஜாவா ஆட்டக்காரர் இருந்தாலும் குழப்பம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அனுமதிப் பட்டியலில் சேர்க்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். ஃப்ளட்கேட்டே தனியாகத் தரும் அனுமதிப் பட்டியல் கட்டளையைப் பயன்படுத்தினால் தவறு நேராது. நான் பட்டியலை இயக்கத்தில் வைத்து, இரு வீட்டுப் பிள்ளைகளையும் அவர்களின் நெருங்கிய நண்பர்களையும் மட்டும் சேர்த்திருக்கிறேன்.

உள்ளே வந்தவனால் பேச முடியவில்லை என்பது அடுத்த முறையீடு. 2022இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து ஜாவா ஆட்டக்காரர்களின் அரட்டைச் செய்திகள் கையொப்பமிடப்படுகின்றன. பெட்ராக் ஆட்டக்காரரிடம் அந்தக் கையொப்பச் சாவி இல்லை. சர்வரின் அமைப்புக் கோப்பில் பாதுகாப்பான சுயவிவரத்தைக் கட்டாயமாக்கும் வரியை அணைத்ததும் பேச்சு வந்தது. மேலே சொன்ன ஆன்லைன்மோட் வேறு, இது வேறு. இதை அணைத்தாலும் யாரும் பொய்ப் பெயரில் நுழைய முடியாது.

விளையாட்டு முகப்பில் நாமே சர்வர் முகவரியைச் சேர்க்கும் வசதி கைபேசியிலும் விண்டோஸ் பெட்ராக்கிலும் இருக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் ஆகியவற்றில் குறிப்பிட்ட சில பெரிய சர்வர்களின் பட்டியல்தான் வரும். அவற்றை வைத்திருப்பவர்கள், சர்வரை நண்பர் ஒருவரின் ஆட்டமாகக் காட்டும் துணைக் கருவிகளைத் தேட வேண்டும். என் வீட்டில் அத்தகைய விளையாட்டுப் பெட்டி இல்லாததால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

பராமரிப்பில் ஒன்றை மறக்கக்கூடாது. கைபேசியில் விளையாட்டு இரவோடு இரவாகத் தானே புதுப்பித்துக்கொள்ளும். மறுநாள் காலை, சர்வர் பழையது என்று சொல்லி இணைய மறுக்கும். அப்போது புதுப்பிக்க வேண்டியது பெரும்பாலும் கெய்சரைத்தான், உலகத்தை அல்ல. ஜாவா சர்வரைப் பழைய பதிப்பிலேயே வைத்திருக்க விரும்புகிறவர்கள், வெவ்வேறு ஜாவா பதிப்புகளை இணைத்துவைக்கும் வயாவெர்ஷன் ப்ளகினையும் சேர்க்க வேண்டும். கெய்சர் பேசுவது ஜாவாவின் அண்மைப் பதிப்பு மொழியை. நான் சனிக்கிழமை காலையில் உலகக் கோப்புறையை நகலெடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் எதையும் புதுப்பிக்கிறேன்.

விதிகள் எல்லாம் ஜாவா சர்வருடையவை என்பதால் கைபேசியில் விளையாடுபவருக்குச் சில மாற்றங்கள் தெரியும். 2016இல் ஜாவாவில் வந்த தாக்குதல் இடைவெளி பெட்ராக்கில் கிடையாது. இங்கே அது அவனுக்கும் பொருந்தும், வாளை வேகவேகமாக வீசினால் அடி வலுவிழந்து போகும். விளையாட்டின் தோற்றத்தை மாற்றும் ஜாவாவின் ரிசோர்ஸ் பேக் கைபேசிக்குப் போகாது. அவனுக்கான பெட்ராக் பேக்கைக் கெய்சரின் கோப்புறையில் தனியாக வைக்க வேண்டும். எனக்குப் புதிராக இருந்தது மூங்கில். மகள் ஏரிக்கரை நெடுகிலும் மூங்கில் நட்டிருந்தாள். அவன் அதன் ஓரமாக நடந்தால் திரும்பத் திரும்பப் பின்னுக்கு இழுக்கப்பட்டான். கட்டத்துக்குள் மூங்கில் எந்தப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை இரண்டு பதிப்புகளும் வெவ்வேறு விதமாகக் கணக்கிடுகின்றன. கைபேசியில் வெற்றிடமாகத் தெரியும் இடத்தில் சர்வரின் கணக்கில் மூங்கில் இருக்கும். இதற்கு அமைப்பில் திருத்தம் எதுவும் கிடையாது என்று மகளிடம் சொன்னேன். மறுநாள் பார்த்தபோது, இருவரும் சேர்ந்து கரை மூங்கிலை முழுவதும் வெட்டிவிட்டு அந்த இடத்தில் கரும்பு நட்டிருந்தார்கள்.