கால் ஊன்றாமல் இரண்டு நிமிடம்

1994 பொங்கலுக்கு வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி வைத்தார்கள். கடைசியாகக் கோட்டைத் தொடுபவருக்குப் பரிசு. கால் தரையில் பட்டால் வெளியே போக வேண்டும். வாடகைக் கடையில் எடுத்த முக்கால் வண்டியில் நான் கடைசியாக வந்து ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கினேன். அதில்தான் இன்றும் அம்மா வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார். விளையாட்டில் என் சம்பாத்தியம் இதுவரை அந்த ஒரு டப்பாதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தோப்பில், மறுபடியும் எனக்கு ஒரு போட்டி. சைக்கிள் டிரையல்ஸ். பெயர் கொடுத்திருப்பவர்கள் பதினான்கு பேர்; நாற்பதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

பாறை, மரத்துண்டு, சிமென்ட் குழாய் என்று கிடக்கும் ஒரு தடத்தை இரண்டு நிமிடத்துக்குள் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். முந்திப் போனால் கூடுதல் மதிப்பெண் கிடையாது. ஒரு தடவை கால் ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி. ஐந்து சேர்ந்தால் அந்தத் தடம் போயிற்று. இது பழைய கணக்கு. உலகப் போட்டிகளில் இப்போது தடத்தில் ஆறு இடத்தில் வாசல் மாதிரிக் குறி வைத்து, தாண்டும் ஒவ்வொரு வாசலுக்கும் 10 புள்ளி என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குத் தண்டம்தான் பிடித்திருக்கிறது. ஸ்பெயினின் கட்டலோனியாவில், மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் ஓட்டிவந்த பெரே பி என்பவர் தன் மகன் ஓட் பி பழகுவதற்காக சைக்கிளில் ஆரம்பித்து வைத்த விளையாட்டு இது. அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது, சின்ன வயதில் மைதானத்தில் ஏழு நாள் இறங்காமல் சைக்கிளில் வட்டமடித்தவர்கள். குளியல், சாப்பாடு எல்லாம் வண்டி மேலேயே. அவர்களிடம் இந்த வண்டியைக் கொடுத்திருந்தால் கட்டலோனியாக்காரர்கள் கொஞ்சம் பயந்திருப்பார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டியைப் பழையதாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "உட்கார இடமே இல்லாத சைக்கிளை எவனோ உன் தலையில் கட்டிவிட்டானேடா" என்றார். சீட் கிடையாது என்பது உண்மை. 26 அங்குலச் சக்கரம், முன்னால் 18 பல், பின்னால் 15. ஒரு முழு மிதிக்கு இரண்டரை மீட்டர்தான் போகும். வீட்டிலிருந்து பட்டறைக்கு இதை ஓட்டிப் போவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். குட்டி யானையில்தான் ஏற்றிப் போகிறேன்.

இந்த விளையாட்டில் நான் எதிர்பார்க்காத சுகம், ரிம்மைச் சாணை பிடிப்பது. பிரேக் கட்டை வழுக்காமல் கவ்வுவதற்காக, ரிம்மின் இரு பக்கத்தையும் கிரைண்டரால் சொரசொரப்பாக்க வேண்டும். பளபளப்பாக்குவதற்குத்தான் எனக்கு இருபது வருடமாகக் கூலி கொடுக்கிறார்கள். முதல் தடவை என்னையறியாமல் நன்றாகவே தேய்த்து வழவழப்பாக்கிவிட்டேன். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கவில்லை. இரண்டாம் தடவை சாய்வாக, பனைமட்டை போலக் கீறினேன். ஒற்றை விரல் பட்டதும் சக்கரம் அறைந்தாற்போல நின்றது. சத்தம்தான் தாங்காது. பக்கத்துப் பட்டறைக்காரர் ஆள் அனுப்பி, "அண்ணே, ஆடு எதாவது மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் முழுக்க உயரம் ஏறினேன். சரக்கு வந்த மரத்தட்டுகளை அடுக்கி இரண்டு, மூன்று, கடைசியில் நான்கு. நான்கு என்றால் முழங்காலுக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஏறியதும் காலை ஊன்றி ஒரு பெருமூச்சு விடுவேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏறிய பிறகு என்ன செய்வீர்கள் அண்ணா?" என்றான். அதை நான் யோசித்திருக்கவில்லை. மரத்தட்டு 120 சென்டிமீட்டர் நீளம், 100 அகலம். நீளவாக்கில் நின்றாலே இரண்டு சக்கரமும் விளிம்பை ஒட்டித்தான் இருக்கும். அதன் மேல் நின்று, பக்கவாட்டில் துள்ளித் திரும்பி, அடுத்த கல்லைப் பார்க்க வேண்டும். நான் பெருமூச்சு விட்ட இடத்தில்தான் வேலையே ஆரம்பமாகிறது.

செப்டம்பரிலிருந்து தட்டுகளைக் குறைத்துவிட்டு நிற்கப் பழகினேன். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது பெடலை முன்னால் வைத்து, பிரேக்கைக் கவ்வி, நிற்பது. வலது காலை முன்னால் வைப்பவன் நான். இடப்பக்கம் துள்ளித் திரும்புவது ஒருவழியாக வந்துவிட்டது. வலப்பக்கம் இன்றுவரை சண்டைதான்.

ஏழாவது படிக்கும் மகள்தான் நடுவர். நான் கால் ஊன்றும்போதெல்லாம் நோட்டில் ஒரு சின்னப் பாதம் வரைந்து, எத்தனையாவது நொடி என்று பக்கத்தில் எழுதுவாள். ஐந்து விரலும் போட்டு வரைவாள். அதற்குள் அடுத்த பாதம் வந்துவிடும். அக்டோபரில் ஒரு மழை நாள், வேலை ஓடாததால் அந்த நோட்டைப் புரட்டினேன். பாதங்கள் எல்லாம் 80க்கும் 110க்கும் நடுவே கூடியிருந்தன. உயரமான தட்டில் விழவில்லை. கடைசியில், வெறும் ஒரு செங்கல்லைத் தாண்டும்போது விழுந்திருந்தேன். முன்கை செத்துப்போயிருந்தது. போதாக்குறைக்கு மூச்சை வேறு அடக்கிக்கொள்கிறேனாம். "அப்பா, உங்கள் முகம் தக்காளி மாதிரி ஆகிறது" என்று அவள் முதல் வாரமே சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு பயிற்சி முழுவதும் இரண்டு இரண்டு நிமிடமாக. இரண்டு நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் ஓய்வு, பத்து சுற்று. பாதையை அவள்தான் கயிறு கட்டி, சாக்பீஸில் அம்பு போட்டு வைப்பாள். போட்டியில் தடத்தை முன்கூட்டி நடந்து பார்க்கத்தான் விடுவார்கள். ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் எனக்கும் நடக்க மட்டுமே அனுமதி. வலப்பக்கத் திருப்பம் எனக்கு வராது என்று தெரிந்தே மூன்று வைக்கிறாள். பெற்ற பிள்ளை.

பாறையில் ஓட்டிப் பார்க்காமல் போகக் கூடாது என்று டிசம்பரில் ஒரு நாள் பல்லாவரம் பக்கம் தெரிந்தவர் காலிமனையில் கிடந்த கற்களில் ஏறினேன். பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்திருப்பதும் இந்தக் கல்தான், அவர் பெயரிலிருந்தே கல்லுக்கும் பெயர் வந்தது என்று கூட வந்தவர் சொன்னார். கல்லறைப் பேச்சு அந்த நேரத்தில் தேவையாக இருக்கவில்லை. உடைந்த கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. டயர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று காற்றைக் குறைத்திருந்தேன். அரை மணிக்குள் ரிம் டியூபை நசுக்கிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, "பாம்பு கடித்த மாதிரி ஜோடியாக ஓட்டை விழுந்திருக்கிறது சார்" என்றார். இப்போது பின்சக்கரத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை விரற்கடை அமுங்கும் அளவு காற்று வைக்கிறேன். முன்சக்கரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

நேற்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டேன். கடைசி நாள் கணக்கு: நான்கு தடம், தண்டப்புள்ளி 2, 5, 1, 3. அந்த 5 விழுந்தது, வலப்பக்கத் திருப்பம் மூன்று இருந்த தடத்தில். பையில் இரண்டு டியூப், பம்பு, பிரேக் கட்டை ஒரு ஜோடி, முழங்கால் காப்பு, ஹெல்மெட், பாதம் வரையும் நோட்டு. காலை ஐந்து மணிக்குக் குட்டி யானை வருகிறது.

அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பரிசு என்ன என்று கேட்டார். பதக்கம் என்றேன்.

"அதில் என்னடா போட்டு வைப்பது?"