அரிஷ்டமும் ஆன்டிபயாட்டிக்கும்

பிப்ரவரி 3
அப்பாவின் வயிற்றில் ஹெச். பைலோரி கிருமி, உறுதி. நாளை முதல் 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் 40 மி.கி. காலை, இரவு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பிஸ்மத் 120, ஆன்டிபயாட்டிக் டெட்ராசைக்ளின் 500: காலை 8, மதியம் 1, மாலை 6, இரவு 10. இன்னொரு ஆன்டிபயாட்டிக் மெட்ரோனிடசோல் 400 மூன்று வேளை, சாப்பிட்டதும். அப்பாவின் டப்பாவில் இது போக சங்கு பற்பம், அதிமதுரப் பொடி, திராட்சாரிஷ்டம்.

பிப்ரவரி 4
சங்கு பற்பம்தான் மண்டையைக் குடைகிறது. சங்கைப் புடம் போட்டால் மிஞ்சுவது கால்சியம். அது டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிவிடும், மருந்து உடம்பில் சேராது. பால், தயிர், இரும்பில் செய்யும் அன்னபேதிச் செந்தூரம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இதே ரகம். முன்னும் பின்னும் 2 மணி நேரம் இடைவெளி விட்டால் பகலில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் மோருக்கு 10.30. பற்பம் நிறுத்தம்.

பிப்ரவரி 6
நாக்கு கன்னங்கரேல். பிஸ்மத். மலமும் கறுக்கும். தார் மாதிரி ஒட்டி, நாறி, தலையும் சுற்றினால் அது ரத்தம், உடனே ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 7
"ரெண்டு ஸ்பூன்தானே!" என்கிறார் அப்பா, திராட்சாரிஷ்டத்தைக் காட்டி.
அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது. ஆல்கஹால் தானாக ஊறும், பாட்டிலிலேயே சதவீதம் போட்டிருக்கும். மெட்ரோனிடசோலோடு சேர்ந்தால் சிலருக்கு முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். கோர்ஸ் முடிந்தும் 3 நாள் தொடக்கூடாது.

பிப்ரவரி 10
அதிமதுரமும் உள்ளே போயாயிற்று, அலமாரிக்கு. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு எதற்கு இந்த வம்பு? இதே கிருமிக்குக் கொடுக்கும் வேறு ஆன்டிபயாட்டிக்கான கிளாரித்ரோமைசின் கோர்ஸாக இருந்திருந்தால் இன்னும் மோசம்: பொட்டாசியம் குறைந்த உடம்பில் அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம்.
மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் விட்டு. வயிற்றுக்கு இதம். கிருமியை அது ஒன்றும் செய்யாது.

பிப்ரவரி 12
மறுபடி பற்பம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து சாப்பிடலாமே என்கிறார் அப்பா. கணக்குப்படி சரிதான். ஆனால் தூக்கம் கெட்டு 8 மணி வேளை தவறினால்? அரைகுறையாய் அடிபட்ட கிருமி மருந்துக்கே பழகிவிடும்.

பிப்ரவரி 17
கடைசி வேளை. கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் யூரியா மூச்சுப் பரிசோதனை மார்ச் 17-க்கு முன் கூடாது, 4 வாரம். பேன்டோபிரசோல் மட்டும் தொடரும்; அதையும் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் அடங்கிக் கிடக்கும் கிருமி சிக்காமல் 'இல்லை' என்று வரும். ரத்தப் பரிசோதனை போதாதா என்று மாமா கேட்கிறார். போதாது. கிருமி செத்த பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில் இருக்கும்.

மார்ச் 2
பேன்டோபிரசோல் இன்றோடு சரி.

மார்ச் 5
நெஞ்செரிச்சல். மாத்திரையை நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாள் அதிகமாகவே சுரக்கும். இதை வைத்துக் கிருமி திரும்பியது என்று சொல்ல முடியாது. இரவுச் சாப்பாடு 7 மணிக்குள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்.