எனக்குக் கணக்கு வராது சார்

கணக்கு வாத்தியார் வேலையில் என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் இதுதான். படிக்காததற்குச் சொல்லும் சாக்கு என்று நினைத்து ரொம்ப வருஷம் திட்டியிருக்கிறேன்.

ஒரு முறை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒரே பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பாடம் எடுக்கும்படி ஆனது. அதில் ஒரு பையன் சொன்ன மாத்திரத்தில் பிடித்துக்கொள்வான், நானும் வகுப்பே கேட்க அவனை மூளைக்காரன் என்பேன். இன்னொரு பெண், தப்பாகப் போன கணக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் வேறு வழியில் போட்டு வந்து காட்டுவாள். மார்க் இருவருக்கும் எழுபதுகளில்தான். இயற்கணிதம் கடினமாகும் வரை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதில் வைத்த முதல் டெஸ்டில் இரண்டு பேருமே சறுக்கினார்கள். அவள் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள், அவன் நாலாக மடித்துப் பைக்குள் போட்டான். அப்புறம் அவன் சந்தேகம் கேட்பதே நின்றுபோனது. கேட்டால் மூளைக்காரன் பட்டம் போய்விடுமே! பட்டம் கொடுத்தவன் நான்.

பிளாக்வெல், டிரெஸ்னீவ்ஸ்கி, ட்வெக் என்ற மூன்று உளவியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். நியூயார்க்கில் ஏழாம் வகுப்புக்கு வந்த 373 பேரை இரண்டு வருஷம் கவனித்திருக்கிறார்கள். அறிவு வளரக்கூடியது என்று நம்பியவர்களின் கணக்கு மார்க் மெல்ல ஏறியது, பிறவியிலேயே அளந்து கொடுத்தது என்று நம்பியவர்களுக்கு அப்படியே நின்றது. படித்தபோது என் பதிவேடுதான் கண்முன் வந்தது.

அதற்காக நம்பிக்கை ஊட்டினால் மார்க் கொட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், அறிவு வளரக்கூடியது என்று சொல்லித்தரும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியைச் சோதித்தார்கள்; பின்தங்கியவர்களின் சராசரி நாலு புள்ளி அளவுகோலில் 0.1 அளவுக்குத்தான் கூடியது. அதிகம் செலவில்லாத பயிற்சிக்கு அது மோசமில்லை, ஆனால் மந்திரமும் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 'உன்னால் முடியும்' என்று சுவரெல்லாம் ஒட்டிவிட்டு, அதன் கீழேயே ரேங்க் பட்டியலையும் ஒட்டினார்கள். பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

இப்போது நான் திருத்தும்போது தப்பு தொடங்கும் வரியில் ஒரு கோடு மட்டும் போடுகிறேன். அங்கிருந்து திரும்பப் போட்டு வந்தால், இழந்ததில் பாதி மார்க் கிடைக்கும். வேலை இரட்டிப்பு, சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள், சரி. முதலில் வருவது ஓரிரு மார்க் போனவர்கள்தான். ஆனால் 'வராது' என்று சொல்பவர்களும் இரண்டாம் மூன்றாம் டெஸ்டில் தயங்கித் தயங்கி வந்து நிற்கிறார்கள்.

அந்தப் பையன் எட்டாம் வகுப்பை ஐம்பதுகளில் முடித்தான். இந்த ஏற்பாட்டை நான் ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருஷம்.