அண்டா கச்சேரி

அப்பா அமெரிக்கால, இந்தியானால நான் இருக்கிற ப்ளூமிங்டன் வந்து 15 நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள வீட்ல இருக்கிற அத்தன ப்ளக் பாயிண்ட்டையும் செக் பண்ணி முடிச்சுட்டாரு. திருவையாறு பக்கம் 34 வருஷம் இ.பி. சர்வீஸ். ஆபீஸ்ல இருந்துதான் ரிட்டையர் ஆனாரு, டெஸ்டர்ல இருந்து ஆகல. அதையும் பெட்டில முறுக்குக்கு நடுவுல சொருகி கொண்டு வந்துட்டாரு. இன்னும் ரெண்டு நாள் விட்டா ஃப்ரிட்ஜக் கழட்டிருவாருன்னு பயந்துதான் டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை டவுன்டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன். இங்க மாசம் முதல் வெள்ளி சாயங்காலம் ஆர்ட் கேலரி எல்லாம் தொறந்து வச்சிருப்பாங்க, சும்மாவே போய்ப் பாக்கலாம், டிசம்பர்னா பாட்டு கூத்துன்னு கொஞ்சம் கூடவே களை கட்டும். அந்த "சும்மா"ங்கிற வார்த்தைலதான் ரெண்டு பேரும் கிளம்பினோம்.

மைனஸ் 4 டிகிரி. அப்பா ரெண்டு ஸ்வெட்டர், மேல என் ஜாக்கெட், மங்கி குல்லா, அதுக்கும் மேல வீட்டம்மா குடுத்த இந்தியானா யூனிவர்சிட்டி சிவப்பு குல்லா. கண்ணு மட்டும்தான் தெரியுது. தயவு செஞ்சு பேங்க் வாசல்ல மட்டும் நிக்காதீங்கப்பான்னு சொல்லி வச்சேன்.

1908ல கட்டின பழைய கோர்ட்டு, அதோட உச்சில இருந்து சதுக்கத்து மூலைக்கெல்லாம் பந்தல் மாதிரி லைட்டு கட்டியிருப்பாங்க, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை சுவிட்ச் போடுவாங்க. ஊரே வாயப் பொளந்து ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கு, இவரு வயரையே பாத்துட்டு "ஜாயிண்ட்ட நல்லாத்தான் கட்டியிருக்கான், ஆனா எர்த் எங்கடா?"ங்கறாரு. அப்புறம் கோபுரத்து மேல பாத்துட்டு "கோர்ட்டு மேல எதுக்குடா மீனு?"ன்னாரு. அங்க காத்து திசை காட்ட ஒரு மீன் இருக்கு. நான் ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஏன்னு எனக்கும் தெரியாது, "அது அப்படித்தான்பா"ன்னுட்டேன். "பாண்டிய நாட்டு கேஸ் ஏதாச்சும் நடந்திருக்கும்"னு அவரே தீர்ப்பு சொல்லிக்கிட்டாரு.

முதல் கேலரில சூடா ஆப்பிள் சைடர் குடுத்தாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு முழிக்கிறாரு. பட்டை கிராம்பு போட்டுக் கொதிக்க வச்சது. "பிரியாணிய எறக்கிட்டு அண்டா கழுவின தண்ணியாடா இது"ன்னு கேட்டுட்டு, மூணு கப் குடிச்சாரு. அடுத்ததுல சுண்ணாம்புக் கல்லுல செஞ்ச சிலைங்க. இந்தப் பக்கத்து குவாரி கல்லுதான்பா நியூயார்க் எம்பயர் ஸ்டேட் பில்டிங்குக்கே போச்சுன்னு பெருமையா சொன்னேன். மனுஷன் டெஸ்டர எடுத்து சிலையத் தட்டிப் பாக்கறாரு! "மெதுவான கல்லு, அம்மிக்கு ஆகாது, மாவோட சேந்து கல்லும் வந்துரும்." அந்தக் கடைக்காரம்மா என்ன சொல்றாருன்னு ஆர்வமா கேட்டாங்க. ரொம்ப டச்சிங்கா இருக்காம்னு மொழிபெயர்த்தேன்.

வெளிய வந்தா கோர்ட்டு வாசல்ல பத்துப் பன்னெண்டு பேரு டியூபா தூக்கிட்டு நிக்கிறாங்க. அண்டாவ வளைச்சு உடம்புல மாட்டின மாதிரி பெரிய பித்தளை ஊதுவாத்தியம் இருக்குமே, அது. அதுக்கு ஜிகினா சுத்தி, ரிப்பன் கட்டி, குட்டி குட்டியா லைட்டு வேற. கிறிஸ்துமஸ் பாட்டு ஒவ்வொண்ணா வாசிக்க, சுத்தி நிக்கிறவங்க எல்லாம் பாடறாங்க. அடி வயித்துல இருந்து வர்ற சத்தம், பாத்திரக்கடைல யானை தியானம் பண்ற மாதிரி.

இந்தக் கூத்துக்கு ஒரு கதை உண்டு, அதையும் அப்பாட்ட சொன்னேன். இந்த யூனிவர்சிட்டில டியூபா வாத்தியாரா இருந்த ஹார்வி பிலிப்ஸ்ங்கறவரு, தன்னோட குரு வில்லியம் பெல் ஞாபகார்த்தமா 1974 டிசம்பர்ல நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர்ல 300 டியூபாக்காரங்கள ஒண்ணா சேத்து வாசிக்க வச்சாரு, பெல் பொறந்ததே 1902 கிறிஸ்துமஸ் அன்னிக்கு, அதுல இருந்து ஊர் ஊரா டியூபா கிறிஸ்துமஸ்னு இது நடக்குது. கேட்டதும் அப்பா நிமிந்து நின்னாரு. "அட, நம்மூரு தியாகராஜர் ஆராதனடா இது! குருவுக்காக எல்லாரும் ஒக்காந்து பஞ்சரத்னம் பாடற மாதிரி." சொல்லிட்டு தொடைல தாளம் போட ஆரம்பிச்சுட்டாரு, மூணு ஸ்வெட்டர் கனத்துக்கு சத்தமே வரல. (ரெண்டுதான். ஆனா பாத்தா மூணு மாதிரிதான் இருந்துச்சு.)

அப்பத்தான் ஓரமா நின்ன பெரியவரோட டியூபால லைட்டு அணைஞ்சு போச்சு. அவரு பாவம் தட்டிப் பாக்கறாரு, ம்ஹூம். எனக்கு வயித்தக் கலக்குது, ஏன்னா அப்பாவோட கை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்ள போயிருச்சு. நான் "வேணாம்பா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கச்சேரி நடுவுல போயி நிக்கிறாரு, முகம் தெரியாத முகமூடி மனுஷன், கைல ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒண்ணு. அந்தப் பெரியவரு ரெண்டடி பின்னால போனாரு. அப்பா நிதானமா பேட்டரி பாக்ஸத் தொறந்து, டெஸ்டரால தகடக் கொஞ்சம் நெம்பி, ஊதி, மூடினாரு. பளிச்!

கூட்டம் மொத்தமும் கைதட்டல். பெரியவருக்கு தாங்க முடியாத சந்தோஷம், தொடைச்சுக் குடுத்து ஊதிப் பாருங்கன்னு நீட்டிட்டாரு. அப்பா மங்கி குல்லாவ இறக்கி, தம் கட்டி ஊதினாரு. முதல்ல காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது தடவ காவேரிக்கரைல எருமை ஒண்ணு கன்னுக்குட்டியத் தேடற சத்தம். பக்கத்துல ஸ்ட்ரோலர்ல தூங்கிட்டு இருந்த கொழந்த எந்திரிச்சு வீல்னு கத்துது, நான் அவங்கம்மாட்ட சாரி சொல்லிட்டு இருக்கேன், அதுக்குள்ள அப்பா மூணாவது தடவைக்கு மூச்ச இழுக்கறாரு.

மறுநாள் காலைல எந்திரிச்சு வர்றேன், ஹால்ல ஃபோன்ல இ.பி. ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டு இருக்காரு: "ஆமாய்யா, ஆராதனை மாதிரிதான். நானும் வாசிச்சேன். கூட்டமா? ஊரே நின்னுச்சுய்யா. சன்மானமெல்லாம் நான் வாங்கிக்கல."